துளையும் தெளிவும்

திருப்பதிக்கு வருவோரில் பெரும்பாலோர் ஒரு படமாவது எடுத்துக்கொண்டுதான் ஊர் திரும்புகின்றனர். மலை பின்னால், மனிதர் முன்னால். சிரிக்கச் சொல்லி எடுத்த அந்தப் படங்களை வீட்டில் சென்று பார்த்தால், பலவற்றில் மலை இருப்பதில்லை. மலை இருந்த இடத்தில் நீலமும் பச்சையும் கலந்த கறை ஒன்று இருக்கிறது. வேறு சில படங்களிலோ பாறையின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. முன்னால் நிற்கும் பாட்டியின் மூக்குத்தியும் தெரிகிறது. இவ்விரு வகைப் படங்களும் ஒரே காமிராவால், ஒரே இடத்தில், ஒரே நாளில் எடுத்தவையாகவும் இருக்கலாம். வேறுபாடு, லென்சுக்குள் இருக்கும் ஒரு துளையின் அளவில் அடங்கியிருக்கிறது.

நம் மன்றத்து மலரில் கதையும் கவிதையும் நிறைய வருகின்றன. வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? நான் பௌதிகம் படிப்பவன். படமெடுக்கும் பழக்கமும் உண்டு. ஆகவே அந்தத் துளையைப் பற்றி நான்கு பக்கம் எழுத ஆசிரியர் குழுவினரிடம் இடம் கேட்டேன். காமிரா வைத்திருக்கும் நண்பர்கள் மட்டுமன்றி, கைப்பேசியில் படமெடுக்கும் நண்பர்களும் இதைப் படிக்கலாம். பள்ளியில் படித்த முக்கோணக் கணக்குக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

முதலில் காமிராவை விட்டுவிட்டு நம் கண்ணைப் பார்ப்போம். திருப்பதி பேருந்து நிலையத்தில் மூக்குக்கண்ணாடியை மறந்து வந்த பெரியவர் ஒருவர், தொலைவில் நிற்கும் பேருந்தின் பலகையைப் படிக்க என்ன செய்கிறார்? கண்ணைச் சுருக்கிக்கொள்கிறார். சிலர் கையைக் குவித்து, அதன் நடுவில் சிறு ஓட்டை விட்டு, அதன் வழியே பார்ப்பார்கள். கலங்கித் தெரிந்த எழுத்து ஓரளவு தெளிகிறது. கண்ணின் குறை நீங்கிவிடவில்லை. கண்ணுக்குள் புகும் ஒளியின் வழி குறுகியிருக்கிறது, அவ்வளவே. ஒரு தாளில் குண்டூசியால் துளையிட்டு அதன் வழியே பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைக் கண்ணுக்கு மிக அருகில், எழுத்துக் கலங்கும் வரை கொண்டுவந்து, பிறகு துளை வழியே பார்க்கலாம்.

ஏன் இப்படி நிகழ்கிறது? தொலைவில் ஒரு விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கிலிருந்து புறப்படும் ஒளி லென்சின் முகம் முழுவதிலும் விழுகிறது. லென்ஸ் அந்த ஒளியை வளைத்துப் பின்புறத்தில் ஒரு புள்ளியில் சேர்க்கிறது. கடலை விற்பவர் காகிதத்தைச் சுருட்டிக் கொடுக்கும் கூம்புப் பொட்டலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தின் அகன்ற வாய் லென்சின் துளை. அதன் கூர்நுனி, ஒளி சேரும் புள்ளி. ஃபிலிமோ, இக்காலத்து மின்னணுத் தகடோ, மிகச் சரியாக அந்த நுனியில் இருந்தால் விளக்கு ஒரு புள்ளியாகப் பதியும். தகடு சற்று முன்னாலோ பின்னாலோ இருந்தால் கூம்பு குறுக்கே வெட்டுப்பட்டு ஒரு வட்டமாகப் பதியும். இந்த வட்டமே கலங்கல். இனிப் பொட்டலத்தின் வாயைச் சிறிதாக்குங்கள், நீளம் மாறவில்லை. பொட்டலம் ஒல்லியாகிவிடும். அதே இடத்தில் வெட்டினாலும் வட்டம் சிறிதாகவே இருக்கும். துளை சிறுத்தால் தெளிவு கூடுவதன் காரணம் இவ்வளவுதான்.

காமிராவில் ஒரே ஒரு தொலைவுக்குத்தான் ஃபோகஸ் வைக்க முடியும். அந்தத் தொலைவில் உள்ளவை மட்டுமே உண்மையில் கூர்மையானவை. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை எல்லாம் வட்டங்களே. ஆயினும் வட்டம் மிகச் சிறியதாக இருந்தால் நம் கண் அதைப் புள்ளி என்றே ஏற்றுக்கொள்கிறது. அவ்வாறு கண் ஏற்றுக்கொள்ளும் எல்லை முன்னால் எங்கே தொடங்கிப் பின்னால் எங்கே முடிகிறதோ, அந்த இடைவெளியைத்தான் படக்கலைஞர்கள் ‘டெப்த் ஆஃப் ஃபீல்டு’ என்கிறார்கள். நான் இங்கே அதைத் தெளிவின் ஆழம் என்று சொல்லப்போகிறேன்.

துளையைக் குறிக்கும் எண்தான் புதியவர்களைக் குழப்புவது. எஃப் 2 என்றால் பெரிய துளை. எஃப் 16 என்றால் சிறிய துளை. எண் கூடினால் துளை குறைவது என்ன நியாயம் என்று கேட்பார்கள். இது வகுத்தல் கணக்கு. லென்சின் குவியத் தொலைவை அந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்சில் எஃப் 2 என்றால் துளை 25 மில்லிமீட்டர்; எஃப் 16 என்றால் 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பழைய ஒரு ரூபாய் நாணயம் புகும் ஓட்டைக்கும் சட்டைப் பொத்தானின் நூல்கண்ணுக்கும் உள்ள வேறுபாடு என்று சொல்லலாம். வளையத்தில் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று எழுதியிருக்கும். ஒவ்வோர் எண்ணும் முந்தியதைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. விட்டம் 1.4இல் ஒரு பங்கானால் பரப்பு பாதியாகும். ஆகவே ஒரு படி நகர்ந்தால் ஒளியும் பாதியாகும். எஃப் 2இலிருந்து எஃப் 16 வரை ஆறு படிகள். ஒளி 64இல் ஒரு பங்காகக் குறைகிறது. இந்த 64 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தொல்லை கொடுக்கப்போகிறது.

இனிக் கணக்கு. 50 மில்லிமீட்டர் லென்ஸ், 36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள ஃபிலிம் அல்லது தகடு, 3 மீட்டரில் நிற்கும் ஒரு நண்பர். எஃப் 2இல் எடுத்தால் 2.80 மீட்டரிலிருந்து 3.23 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். ஒரு முழத்துக்கும் குறைவு. எஃப் 8 என்றால் 2.34 மீட்டரிலிருந்து 4.19 மீட்டர் வரை. எஃப் 16 என்றால் 1.92 மீட்டரிலிருந்து 6.92 மீட்டர் வரை. தெளிவு இருபுறமும் சமமாக விரிவதில்லை என்பதைக் கவனியுங்கள். எஃப் 16இல் முன்புறம் ஒரு மீட்டர்தான் கூடியது. பின்புறம் கிட்டத்தட்ட நான்கு மீட்டர் கூடியது. முன்புறம் மூன்றில் ஒரு பங்கு, பின்புறம் மூன்றில் இரண்டு பங்கு என்று சில கைந்நூல்கள் ஒரு விதி சொல்லும். அது ஏதோ ஒரு தொலைவில் மட்டும் பொருந்தும் விதி. மிக அருகில் இரு புறமும் ஏறக்குறையச் சமம். தொலைவு கூடக் கூடப் பின்புறம் முடிவின்றி நீளும். அந்த விதியை நம்பிப் படமெடுக்க வேண்டாம்.

மேலே சொன்ன எல்லைகளைக் கண்டுபிடிக்க ஓர் அளவு வேண்டும். எவ்வளவு பெரிய வட்டத்தைக் கண் பொறுத்துக்கொள்ளும்? இந்த அளவு ஃபிலிமுக்கு 0.03 மில்லிமீட்டர் என்று வழக்கமாகக் கொள்வார்கள். ஃபிலிமை ஏழெட்டு மடங்கு பெரிதாக்கி அச்சிட்டுக் கையில் வைத்துப் பார்த்தால் அந்த வட்டம் கால் மில்லிமீட்டருக்குள் நிற்கும்; கண் அதைப் புள்ளியாகவே காணும். ஆகவே தெளிவின் ஆழம் என்பது காமிராவின் பண்பு மட்டும் அன்று. படத்தை எவ்வளவு பெரிதாகப் பார்க்கிறோம் என்பதையும் பொறுத்தது. சிறிய படத்தில் தெளிவாக இருந்த மலையைக் கைப்பேசித் திரையில் இரண்டு விரலால் விரித்துப் பார்த்தவுடன் கலங்கலாகத் தெரிவதன் காரணம் இதுவே.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு கோபுரத்தைக் காட்டுகிறேன்.

காளத்தியின் ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் 1516ஆம் ஆண்டில் எழுப்பியது. ஏழு நிலை, நூறு அடிக்கும் மிகுந்த உயரம். 2010ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் இரவு அது இடிந்து விழுந்தது. அதில் விரிசல் கண்டிருந்த செய்தி முன்னரே பலரும் அறிந்தது. அதே இடத்தில் புதிய கோபுரம் எழுந்து, 2017இல் குடமுழுக்கும் நடந்தது. காளத்தி அந்நாளில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானபோது இங்கே சேர்ந்தது.

என் அத்தையின் திருமணம் 1980களின் தொடக்கத்தில் காளத்தியில் நடந்தது. அதில் எடுத்த இரண்டு படங்கள் எங்கள் குடும்பத்தில் உண்டு. ஒன்று, ஊரிலேயே ஸ்டுடியோ வைத்திருந்தவர் அதிகாலை முகூர்த்தம் முடிந்ததும் எடுத்தது. மணமக்கள் கோபுரத்துக்கு முன்னால் நிற்கிறார்கள். அத்தையின் நெற்றிச்சுட்டியில் கல் எத்தனை என்று எண்ணிவிடலாம். கோபுரமோ சாம்பல் நிறத்தில் ஒரு நிழல். மற்றது, சித்தூரிலிருந்து வந்திருந்த மாமா தம் பெட்டிக் காமிராவால் நண்பகல் வெயிலில் எடுத்தது. படத்தின் ஓரங்கள் மங்கல். வெயிலில் நிற்பதால் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடுகடுப்பாகத் தோன்றுகிறார்கள். முதல் படம் கூடத்தில் மாட்டப்பட்டது. இரண்டாவது படம் பெட்டிக்குள் போயிற்று. கோபுரம் விழுந்த செய்தி வந்தபோது வீட்டில் தேடி எடுத்தது அந்தப் பெட்டிக்குள் போன படத்தைத்தான். அதில் நிலை நிலையாகச் சுதை உருவங்கள் தெரிகின்றன.

ஸ்டுடியோக்காரர் எந்த எண்ணில் எடுத்தார் என்று படத்தில் எழுதியில்லை. ஆயினும் அளவுகளை நாமே வைத்துப் பார்க்கலாம். 50 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 2, மணமக்கள் 3 மீட்டரில், கோபுரம் 80 மீட்டரில். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. துளையின் இரு விளிம்புகளிலிருந்தும் இரண்டு நூல்களை இழுத்து மணமக்கள் நிற்கும் 3 மீட்டரில் ஒன்றாகச் சேருங்கள். அவற்றை அப்படியே நேராக நீட்டிக்கொண்டு போங்கள். சேர்ந்த நூல்கள் மறுபடியும் பிரியும். 80 மீட்டரில் அவை எவ்வளவு பிரிந்திருக்கின்றனவோ, கோபுரத்தின் ஒவ்வொரு புள்ளியும் அவ்வளவு அகலமான வட்டமாகப் படத்தில் பரவும். ஒத்த முக்கோணங்கள், வேறொன்றும் இல்லை. 3 மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் என்றால் எஞ்சிய 77 மீட்டருக்கு எவ்வளவு? ஏறக்குறைய 64 சென்டிமீட்டர். கோபுரத்தில் 64 சென்டிமீட்டருக்குச் சிறியது எதுவும் அந்தப் படத்தில் பிழைக்காது. சுதைப் பொம்மையின் முகம் பிழைக்காது. விரிசலைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதே இடத்தில் எஃப் 16 வைத்திருந்தால்? துளை 3.1 மில்லிமீட்டர், கோபுரத்தில் வட்டம் 8 சென்டிமீட்டர். இன்னும் நன்றாகச் செய்யலாம். ஃபோகஸை மணமக்கள்மீது வைக்காமல், அவர்களுக்குப் பின்னால் 5.3 மீட்டரில் வைத்தால் கோபுரத்தில் வட்டம் 4.4 சென்டிமீட்டராகக் குறையும். மணமக்கள் முகத்தில் 1.4 மில்லிமீட்டர்தான் கலங்கும். இந்த 5.3 மீட்டரை நான் கண்மூடி எடுத்துவிடவில்லை. 50 மில்லிமீட்டர் லென்சுக்கு எஃப் 16இல், ஃபோகஸ் வைத்த தொலைவில் பாதியிலிருந்து அடிவானம் வரை தெளிவாகக் கிடைக்கும் இடம் அது. ஆங்கிலத்தில் ‘ஹைப்பர்ஃபோகல்’ தொலைவு என்பார்கள். எஃப் 8இல் அது 10.5 மீட்டர், எஃப் 2இல் ஏறக்குறைய 42 மீட்டர்.

மாமாவின் பெட்டிக் காமிராவில் இந்தக் கணக்கை ஆலையிலேயே போட்டு வைத்திருந்தார்கள். 1900ஆம் ஆண்டில் ஒரு டாலருக்கு விற்பனைக்கு வந்த கோடக் பிரவுனி முதற்கொண்டு, நம் நாட்டில் பல வீடுகளில் இருந்த அக்ஃபா கிளிக் வரை, இவ்வகைக் காமிராக்களில் ஃபோகஸ் திருப்பும் வளையமே கிடையாது. சிறு துளை, மாறாத ஃபோகஸ். பத்தடிக்கு அப்பால் நிற்கும் எதுவும் ஒருவாறு தெளிவாக விழும். வெயில் மட்டும் வேண்டும். மலிவான காமிரா கோபுரத்தைக் காப்பாற்றியது இப்படித்தான்.

இதைச் சொல்வதால் அந்த ஸ்டுடியோக்காரர் தொழில் தெரியாதவர் என்று நண்பர்கள் கருதிவிடக் கூடாது. அவருக்கு வேறு வழி இல்லை. அதிகாலை மங்கல் வெளிச்சத்தில் எஃப் 2இல் 1/500 வினாடி போதுமென்றால், எஃப் 16இல் அதைப் போல் 64 மடங்கு, அதாவது 1/8 வினாடி வேண்டும். 1/8 வினாடிக்குள் மாப்பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுவார். துளையைச் சுருக்கிக் கோபுரத்தைத் தெளிவாக்கி, மாப்பிள்ளைக்கு இரண்டு மூக்கு வைத்துக் கொடுத்தால் எந்த மாமனார் பணம் தருவார்? மேலும், திருமணப் படத்தில் கண் மணமக்களிடம்தான் செல்ல வேண்டும். பின்னால் போகும் மிதிவண்டியும் விளம்பரப் பலகையும் மங்கிப் போவது நல்லது. அவர் எடுத்தது நல்ல திருமணப் படம். அது கோபுரத்தின் படம் அன்று. கோபுரம் என்றும் இருக்கும் என்றுதானே அன்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள்!

இக்காலத்துக் காமிராவில் அந்த நெருக்கடி பெரிதும் தளர்ந்துவிட்டது. தகட்டின் உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 100இலிருந்து 1600க்கு உயர்த்தினால் 16 மடங்கு குறைந்த நேரம் போதும். 1/8 வினாடி 1/125 ஆகிவிடும். படத்தில் சிறிது மணல் தூவியது போன்ற புள்ளிகள் வரும். அதற்கு மேல் கேடில்லை. நல்ல வெயிலில் இந்தத் தொல்லையும் இல்லை. ஐ.எஸ்.ஓ. 100இல் எஃப் 16, 1/125 வினாடி என்பது சித்தூர்ப் பக்கத்துக் கோடை வெயிலுக்குப் பாடமாகச் சொல்லிவைக்கலாம்.

கைப்பேசியைப் பற்றிக் கேட்பீர்கள். அதன் முதன்மை லென்சின் குவியத் தொலைவு ஆறு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். எண் எஃப் 1.8 என்று பெருமையாக விளம்பரம் செய்வார்கள். வகுத்துப் பாருங்கள்: துளை 3.3 மில்லிமீட்டர். நம் 50 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப் 16இல் கொண்டிருந்த அதே அளவு! ஆகவேதான் கைப்பேசிப் படத்தில் முகமும் மலையும் சேர்ந்து தெளிவாக விழுகின்றன. பின்புறம் மங்கலாக வேண்டும் என்று ‘போர்ட்ரெயிட்’ முறையை அழுத்தினால், மங்கலாக்குவது லென்ஸ் அன்று. கைப்பேசி ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று மதிப்பிட்டு, பின்னால் இருப்பவற்றைத் தானே கணக்கிட்டுக் கலைக்கிறது. மதிப்பீடு தவறினால் கூந்தலில் சூடிய மல்லிகைச் சரத்தில் பாதியைக் கோபுரத்தோடு சேர்த்துக் கலைத்துவிடும். பெண்கள் விடுதி நண்பர்களைக் கேட்டால் இதற்குச் சான்று நிறையக் கிடைக்கும்.

அருகில் சென்றால் தெளிவின் ஆழம் எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறது என்பதற்கு இந்த மலையிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. காஞ்சிபுரத்து வரதர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வணங்கியவர்கள் நம்முள் பலர். உயிருள்ள பொன்பல்லி சேஷாசல மலைப் பாறைகளில் வாழ்கிறது. பெடோம் என்ற ஆங்கிலேய இயற்கையறிஞர் 1870இல் திருப்பதி மலையிலிருந்துதான் அதனை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் பேரினத்தில் மற்றோர் இனம் மட்டுமே உண்டு. அது இலங்கையில் வாழ்கிறது. இந்தப் பல்லியின் உடல், வாலை நீக்கினால், ஏழெட்டுச் சென்டிமீட்டர். 50 மில்லிமீட்டர் லென்சால் 30 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து எடுக்க முடிந்தது என்று கொள்வோம். எஃப் 2இல் தெளிவின் ஆழம் 3.6 மில்லிமீட்டர், கண் தெளிந்தால் மூக்கு கலங்கும். எஃப் 16இல் கூட 29 மில்லிமீட்டர்தான். பல்லி நம்மை நோக்கி நின்றால் தலையும் தோளும் கிடைக்கும். இடுப்புக்கு அப்பால் போய்விடும். ஆகவே துளையைச் சுருக்குவதைவிட, பல்லிக்குப் பக்கவாட்டில் சென்று அதன் முழு உடலும் காமிராவுக்கு இணையாக வரும்படி நிற்பதே பயன் தரும். அது வனக்காப்புப் பகுதி. வனத்துறையின் அனுமதியின்றிப் பாறையிடுக்கில் கையை விடக் கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இணையாக நிற்பது என்ற இந்த உத்தி பல்லிக்கு மட்டும் உரியது அன்று. காளத்தியில் மூங்கில் எழுதுகோலால் கலம்காரித் துணியில் ஓவியம் தீட்டுகிறார்கள். சுவரில் விரித்துத் தொங்கவிட்ட துணியை நேர் எதிரே நின்று எடுத்தால், துணி முழுவதும் ஒரே தொலைவில் இருப்பதால் எஃப் 5.6 போதும். துணியில் குனிந்து எழுதும் கையை எடுக்க வேண்டுமென்றால் எஃப் 2.8 வைத்து எழுதுகோலின் நுனியில் ஃபோகஸ் வைக்கலாம். சுற்றியுள்ள பானையும் பலகையும் மங்கிவிடும். எதைக் காட்ட எடுக்கிறோம் என்று முதலில் முடிவு செய்தால், எண் தானே வந்துவிடுகிறது.

தமிழ் படிக்கும் நண்பர்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று கல்வெட்டு. திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. திருமலைக் கோயிலுக்குள் காமிராவும் கைப்பேசியும் கொண்டு செல்ல முடியாது; அந்த விதியை மதிப்போம். ஆனால் குடிமல்லம் போன்ற இடங்களிலும் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அனுமதி உள்ள இடத்தில் எடுக்கும்போது சுவருக்கு நேர் எதிரே நில்லுங்கள். இடமின்றிச் சாய்வாக நிற்க நேர்ந்தால், சுவரின் அருகுப்பகுதி 2 மீட்டரிலும் கடைப்பகுதி ஆறரை மீட்டரிலும் இருந்தால், முன்பு கண்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எஃப் 16 வைத்து 3 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் முழுச் சுவரும் அதற்குள் அடங்கும். காலையிலோ மாலையிலோ வெயில் சுவரில் சாய்ந்து விழும்போது எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் பெற்று எழுந்து நிற்கும். உச்சிவெயில் கல்வெட்டுக்கு ஆகாது.

இந்த வேலையில் நமக்கு முன்னோடி ஒருவர் உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற படைத்துறை அதிகாரி 1858இல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களுக்குச் சென்று கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரியகோயிலின் விமான அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கும் நீளமான ஒரே சுருளாக்கினார். அவர் பயன்படுத்தியது மெழுகிட்ட காகித நெகட்டிவ். ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு மேல் அகலம். அத்தனை பெரிய படத்துக்கு நீண்ட குவியத் தொலைவுள்ள லென்ஸ் வேண்டும்; லென்ஸ் நீண்டால் அதே எண்ணில் துளையும் பெரிதாகிறது, தெளிவின் ஆழம் குறைகிறது. எனவே பெரிய காமிராக்காரர்கள் எண்ணை மிகவும் கூட்டித் துளையைச் சுருக்கியே ஆகவேண்டும். 1932இல் அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்டு வெஸ்டன் முதலியோர் தொடங்கிய குழுவுக்கு ‘எஃப் 64’ என்றே பெயர் வைத்தார்கள். 300 மில்லிமீட்டர் லென்சில் எஃப் 64 என்றால் துளை 4.7 மில்லிமீட்டர். பெயர் அச்சமூட்டினாலும் துளை நாம் கண்ட அளவை ஒட்டியதே.

அப்படியானால் நம் சிறு காமிராவிலும் எஃப் 22, எஃப் 32 என்று போய்க்கொண்டே இருக்கலாமே என்று தோன்றும். இயற்கை அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒளி அலை வடிவானது. குறுகிய துளையின் விளிம்பில் அது வளைந்து சிதறுகிறது. ஆகவே மிகச் சரியான ஃபோகஸில் இருக்கும் புள்ளியும் ஒரு சிறு வட்டமாகத்தான் விழும். பச்சை ஒளிக்கு அந்த வட்டம் எஃப் 8இல் 0.011 மில்லிமீட்டர், எஃப் 16இல் 0.021, எஃப் 22இல் 0.03. கடைசி எண், நாம் கண்ணுக்கு எல்லையாக வைத்த அதே அளவு. எஃப் 22க்கு அப்பால் சென்றால் கோபுரத்துக்கும் மணமக்களுக்கும் இடையே பாரபட்சம் இராது; இருவரும் சேர்ந்து கலங்குவார்கள். எஃப் 16இலேயே கூர்மை சிறிது மழுங்கத்தான் செய்கிறது; ஆழம் மிகத் தேவைப்படும்போது மட்டும் அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். மற்ற நேரங்களில் எஃப் 8 அல்லது எஃப் 11இல் நின்றுகொள்வது என் வழக்கம்.

மன்றத்தார் சந்திரகிரிக் கோட்டைக்குச் செல்லும்போது ராஜமகாலின் முன் குழுப்படம் எடுக்காமல் திரும்புவதில்லை. அங்கே முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். கையில் பிடித்தே எடுக்கலாம். குழுவினரைக் காமிராவிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். 50 மில்லிமீட்டர் லென்சானால் எஃப் 11. ஃபோகஸை முகங்களில் வைக்காமல், அவர்களுக்கு இரண்டரை மீட்டர் பின்னால், ஏழரை மீட்டரில் வையுங்கள். நான்கு மீட்டரிலிருந்து மாளிகையின் உச்சி வரை எல்லாம் கிடைக்கும். வெயில் இருந்தால் 1/250 வினாடி போதும்.